வன்னியிலிருந்து ட்ரையத்லனுக்கு: சைக்கிளை எதில் ஏற்றுவது?

நீச்சல் கண்ணாடியும் ஓடுகிற சப்பாத்தும் ஒரு தோள் பைக்குள் அடங்கிவிடும். நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று அடுத்தடுத்து வருகிற ட்ரையத்லனின் மூன்று விளையாட்டுகளில் ஊர்விட்டு ஊர் போகும்போது தலையிடி தருவது நடுவில் இருக்கிற சைக்கிள் மட்டும்தான். கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு விசயமே இல்லை. வெள்ளண எழும்பி, வீட்டிலிருந்து உழக்கிக்கொண்டே போட்டி நடக்கும் இடத்துக்குப் போய்விடுவார். கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ போகிறவருக்குப் பதிவுப் பணம் கட்டிய அன்றே அடுத்த கேள்வி வந்து நிற்கும்: இதை எதில் கொண்டுபோவது?

எல்லோரும் முதலில் பார்ப்பது காசைத்தான். அது பிழையென்று சொல்லவில்லை. ஆனால் நான் முதலில் பார்ப்பது வேறொன்று: வீட்டு வாசலிலிருந்து போட்டி இடம் வரைக்கும் சைக்கிள் எத்தனை கை மாறுகிறது? முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில் இருக்கிற ஒருவர் ரயிலில் கொழும்புக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து ஓட்டோ, பிறகு பஸ், மாங்குளத்தில் ஸ்டேஷன், ரயிலில் கார்ட் இருக்கிற பொதிப் பெட்டி, கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறக்கம், அங்கிருந்து ஒரு வான், கடைசியில் தங்குமிடத்துப் படிக்கட்டு. ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் தூக்குவார், ஒருவர் வைப்பார். சைக்கிள் ஓடுகிற வாகனத்தில் உடைவது குறைவு. உடைவதெல்லாம் ஏற்றி இறக்கும்போதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மலிவான வழி எது, மலிவுபோலத் தெரிகிற வழி எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும்: சைக்கிள் எப்போது அங்கே நிற்கவேண்டும்? ஸ்பிரிண்ட் போட்டி என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5, 40, 10 கி.மீ. இந்த இரண்டிலும் அநேகமாகப் போட்டியன்று காலையில் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தலாம். 2018இல் கொழும்புக்கு வந்த அயர்ன்மேன் 70.3 போன்ற நீண்ட போட்டி வேறு மாதிரி. 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. உழக்கி, 21.1 கி.மீ. ஓடவேண்டும். அந்த வகைப் போட்டிகளில் முதல் நாள் பின்னேரமே சைக்கிளைப் பரிசோதிக்கக் கொடுத்து, அதற்கான தாங்கியில் மாட்டிவிட்டு வரச்சொல்வார்கள். ஆக, ஞாயிறு போட்டி என்றால் சைக்கிள் சனி மதியத்துக்கு முன் பூட்டிய நிலையில், பிறேக் பிடிக்கிற நிலையில் நிற்கவேண்டும். சனி விடிய வந்திறங்கி, பெட்டியைப் பிரித்து, ஏதோ ஒரு ஆணியைக் காணோம் என்று கடை தேடினால் சரிவராது. வெள்ளியன்றே போய்ச் சேருகிற வழிதான் வழி. நித்திரைக் கணக்கும் இதோடு ஒட்டியதுதான். போட்டிக்கு முதல் இரவு யாருக்கும் ஒழுங்காக நித்திரை வருவதில்லை. அதற்கு முந்திய இரவையும் பஸ் சீற்றில் தொலைத்துவிட்டு ஓட்டத்தில் கால் இழுக்கிறது என்று சொல்லிப் பயனில்லை.

ரயில்

1990இல் நின்றுபோன வடபாதை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரைக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் திரும்பி வந்தது. தலைமன்னார்ப் பாதை 2015இல் முழுதாகத் திறந்தது. அதனால் வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆக்களுக்கும், மடு ரோட், முருங்கன், மன்னார்ப் பக்கத்து ஆக்களுக்கும் ரயில் என்பது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. முல்லைத்தீவுக்கு மட்டும் தண்டவாளமே இல்லை. மாங்குளத்துக்கோ பரந்தனுக்கோ ஏறக்குறைய 50 கி.மீ. வந்துதான் ஏறவேண்டும். அதிலும் எல்லா ரயிலும் மாங்குளத்தில் நிற்பதில்லை.

ரயிலில் சைக்கிள் பயணிகள் பெட்டிக்குள் போகாது. பொதியாகப் பதிந்து கார்ட் பெட்டியில் ஏற்றவேண்டும். இங்கே கவனிக்கவேண்டியது ரயிலின் பெயரை அல்ல, அதன் வகையை. குளிரூட்டிய கடுகதிகளில் பொதிக்கு இடம் இருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. பழைய மாதிரி எஞ்சின் வைத்து இழுக்கிற ரயிலில்தான் பொதிப் பெட்டி ஒழுங்காக இருக்கும். இரண்டு நாளுக்கு முன்னம் ஸ்டேஷனுக்குப் போய், எந்த ரயிலில் சைக்கிள் எடுப்பீர்கள், எத்தனை மணிக்குள் கொண்டுவந்து பதியவேண்டும் என்று நேரே கேட்டுவிடுவது நல்லது. தொலைபேசியில் கிடைக்கிற பதில் வேறு, கவுண்டரில் கிடைக்கிற பதில் வேறு. பாதை வேலைகளையும் பார்த்துக்கொள்ளவேண்டும். 2023இல் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் சீரமைப்பு வேலைக்காகப் பாதையை மாதக் கணக்கில் மூடி வைத்திருந்தார்கள். அந்த நேரம் போட்டிக்குப் போக நினைத்தவர்களுக்கு ரயில் என்ற தெரிவே இருக்கவில்லை.

ரயிலுக்குச் சைக்கிளைப் பெட்டிக்குள் வைப்பதா, அப்படியே கொடுப்பதா? இதில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள். அப்படியே கொடுங்கள் என்பதுதான் என் பக்கம். பெட்டி என்றால் அது எல்லோருக்கும் பெட்டிதான். அதன்மேல் அரிசி மூட்டையும் ஏறும், இன்னொருவரின் குளிர்சாதனப் பெட்டியும் ஏறும். முழுச் சைக்கிளாகக் கொடுத்தால், அதைச் சுவரோடு சாய்த்து வைக்கவேண்டும் என்று தூக்குகிறவருக்குச் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதிலிருந்தே சைக்கிளைப் பிடித்துப் பழகிய கைகள்தானே. இரண்டு ரப்பர் நாடா கையோடு கொண்டுபோய், பிறேக்கை ஹாண்டிலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டால் வண்டி உருளாது. பின் கியரைப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றி விடவேண்டும். அப்போதுதான் கியரின் தொங்குகிற கை சில்லுப் பக்கமாக உள்ளே ஒதுங்கி நிற்கும், இடிபடாது. பிறேமைச் சுற்றிப் பழைய சாரம் ஒன்று போதும்.

மெலிசான கார்பன் பிறேம் வைத்திருப்பவர் இதைக் கேட்டுத் தலையில் கைவைப்பார். அவருக்கு ரயிலே சரிவராது, வானைப் பார்க்கட்டும்.

கோட்டையில் இறங்கியதும் இன்னொரு சிக்கல். மேடைகளுக்கிடையில் மேம்பாலப் படி ஏறி இறங்கித்தான் வெளியே வரவேண்டியிருக்கும். முழுச் சைக்கிள் என்றால் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம். பெட்டி என்றால் இரண்டு பேர் வேண்டும். வெளியே வந்த பிறகும் பெட்டிக்காரருக்குத்தான் கஷ்டம். 1.4 மீட்டர் நீளப் பெட்டி ஓட்டோவின் பின் சீற்றில் குறுக்கே வைத்தாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பிக்மீ செயலியில் வான் வகை பார்த்துக் கூப்பிடவேண்டும். சைக்கிளை அப்படியே கொண்டுவந்தவர் காற்றைப் பார்த்துவிட்டு ஏறி உழக்கிப் போய்விடுவார்.

திருகோணமலைப் போட்டிக்கு ரயில் என்ற யோசனையை இங்கேயே விட்டுவிடலாம். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிறது. தண்டவாளம் அப்படிப் போகவில்லை. மாகோ வரை தெற்கே இறங்கி, அங்கிருந்து கல்ஓயா போய், பிறகு திருகோணமலைக்குத் திரும்பவேண்டும். வவுனியாவிலிருந்து வீதியால் 100 கி.மீ. கூட வராத ஊருக்கு இது தேவையில்லாத சுற்று.

இரவு பஸ்

வன்னியிலிருந்து கொழும்புக்குப் போகிற பெரும்பாலானோர் ஏறுவது இதில்தான். சீற் சாயும், குளிரூட்டி இருக்கும், விடிய நாலு ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் இறக்கிவிடும். வெள்ளவத்தையில் தங்குமிடமும் சாப்பாட்டுக் கடையும் தமிழில் கேட்டு வாங்கலாம். கடற்கரை வீதியில் விடிய ஒரு சின்ன ஓட்டமும் ஓடலாம். கோட்டையோடு பார்த்தால் இது பெரிய வசதி.

ஆனால் யாழ்ப்பாணத்தில் புறப்படுகிற பஸ் கிளிநொச்சிக்கு வரும்போது, அடியில் சாமான் வைக்கிற கீழ்ப்பெட்டி நிறைந்திருக்கும். வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் சூட்கேஸ், கருவாட்டுப் பொதி, பனங்கட்டி, மாம்பழக் காலமென்றால் மாம்பழப் பெட்டி. கிளிநொச்சியின் கரடிப்போக்குச் சந்தியில் இரவு நீங்கள் காத்திருக்க, பஸ் வந்து நின்றதும் உதவியாளர் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்ப்பார்.

"தம்பி, உதுக்குள்ள என்ன?"

"சைக்கிள் அண்ணை. புக் பண்ணேக்க சொன்னனான்."

"முழுச் சைக்கிளோ? எங்கட்ட ஆரும் சொல்லேல்லையே."

இந்தச் சம்பாஷணை தவிர்க்க முடியாதது. அதற்குப் பிறகு நடப்பதுதான் பயம். இருக்கிற இடைவெளிக்குள் பெட்டியைத் திணிப்பார்கள், காலாலும் ஒரு தள்ளு விழும். எனக்குத் தெரிந்த ஒரு பெடியனின் சைக்கிள் இப்படித்தான் கொழும்பில் இறங்கும்போது பின் கியர் வளைந்து, சில்லுக் கம்பிகளில் தட்டுகிற நிலையில் இருந்தது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. கியரைப் பிறேமோடு பிடித்து வைத்திருக்கிற ஹாங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டுதான் வளைந்தது. அது வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டது. அடி விழும்போது அது வளைந்து பிறேமைக் காப்பாற்றும். கெட்டது என்னவென்றால், ஒவ்வொரு பிறேமுக்கும் ஒவ்வொரு வடிவ ஹாங்கர். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொழும்பில் ஏறி இறங்கினாலும் உங்கள் சைக்கிளுக்குப் பொருந்துவது கிடைக்குமென்று சொல்லமுடியாது. பஸ்ஸில் போகிறவர் ஒரு மேலதிக ஹாங்கர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது கட்டாயம். கைக்குள் அடங்குகிற சாமான்தான்.

பஸ்தான் வழி என்று முடிவாகிவிட்டால் கட்டுகிற விதத்தில் மினக்கெடவேண்டும். புதுச் சைக்கிள் வந்து இறங்குகிற மட்டைப் பெட்டி கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சைக்கிள் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கடைக்காரருக்கு அது குப்பை. பெடலை முதல் நாளே வீட்டில் கழற்றிப் பாருங்கள். இடது பெடலுக்கு மரை மறுபக்கம், அதாவது முன் சில்லுப் பக்கமாகத் திருப்பினால்தான் இறுகும், பின்பக்கம் திருப்பினால் கழரும். இதை மறந்து இறுக்கிக்கொண்டே இருந்தவர்கள் அநேகம். பின் கியரை ஹாங்கரிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, பிறேமின் உட்பக்கமாகக் கட்டிவிட்டால் மேலே சொன்ன அடி கியருக்கு விழாது. முன் சில்லைக் கழற்றினால் போர்க்கின் இரண்டு காலுக்கும் இடையில் ஒரு மரத்துண்டு வையுங்கள். டிஸ்க் பிறேக் என்றால் கட்டைகளுக்கிடையில் மடித்த மட்டை ஒன்று செருகவேண்டும். இல்லாவிட்டால் வழியில் யாரோ பிறேக்கை அழுத்த, கட்டைகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க் உள்ளே போகாது. சீற் கம்பியை இறக்கும் முன் அதன் உயரத்தில் ஒரு சுற்று நாடா ஒட்டிவிட்டால் போதும், அங்கே போய் அளவு தேடத் தேவையில்லை. ஹாண்டில் நுனி மூடிகள் இருக்கின்றனவா என்று பெட்டியை மூடும்போது பார்த்துவிடுங்கள். அவை வழியில் கழன்றால் போட்டிப் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள். திறந்த குழாய் விழும்போது உடம்பில் குத்தும் என்பதால் விதி அப்படி. தலைக்கவசத்தைப் பெட்டிக்குள் போடாமல் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

கீழ்ப்பெட்டி நிறையும் பிரச்சினைக்கு ஒரு மாற்று இருக்கிறது. பஸ் எங்கே புறப்படுகிறதோ அங்கேயே ஏறுவது. வவுனியாவிலிருந்து புறப்படுகிற கொழும்பு பஸ்கள் இருக்கின்றன. முல்லைத்தீவிலிருந்து நேரே போகிற பஸ்ஸும் உண்டு. முல்லைத்தீவுக்காரர் மாங்குளம் வந்து சொகுசு பஸ்ஸுக்குக் காத்து நிற்பதைவிட, சொகுசு குறைந்தாலும் ஊரில் புறப்படுகிற பஸ்ஸில் ஏறுவது எவ்வளவோ மேல். கீழ்ப்பெட்டி காலியாக இருக்கும், நீங்களே உள்ளே தலையை விட்டு வைக்கலாம், கை மாறுவதில் இரண்டு குறையும். அரை மணி முந்திப் போய், உதவியாளருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, சைக்கிளுக்கு ஒரு ஆள் டிக்கெட் காசு தருகிறேன் என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு சுமுகமாகப் போகும். அவர் கேட்ட பிறகு கொடுப்பதும், கேட்கமுதல் கொடுப்பதும் ஒன்றல்ல.

வானும் பட்டாவும்

நாலு பேர் சேர்ந்தால் வேறு எதையும் யோசிக்கவேண்டாம். ஹயஸ் வான் ஒன்று பிடித்து, பின் சீற் வரிசையை மடித்தோ கழற்றியோ விட்டால் நாலு சைக்கிள் நிற்கும். கை மாறுவது இரண்டே முறை. இரண்டும் உங்கள் கைதான். வாடகையை நாலாகப் பிரித்தால், ரயில், ஓட்டோ, பொதிக் காசு, கொழும்பில் வான் என்று தனித்தனியாகச் செலவழிப்பதைவிட அவ்வளவு கூடவும் வராது. ஆனால் பேசும்போதே சிலவற்றை நேரே கேட்டுத் தெளிவாக்கவேண்டும். கிலோமீட்டர் கணக்கா, மொத்தக் கணக்கா? கொழும்பில் நிற்கிற இரண்டு நாளுக்கும் காசு உண்டா? சாரதிக்குச் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு? போட்டியென்றால் சாரதி வெள்ளி போய் ஞாயிறு வரைக்கும் சும்மா நிற்கவேண்டும். அந்த நிற்கிற நாளின் காசில்தான் பிறகு மனஸ்தாபம் வரும்.

வானுக்குள் சைக்கிளை ஒன்றோடொன்று சாய்த்து இடையில் தலையணை வைப்பது எல்லோரும் செய்வது. அதைவிட நல்ல ஒழுங்கு ஒன்று இருக்கிறது. சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட முன் ஹப் (முன் சில்லின் நடுப்பகுதி) நாலு கேட்டு வாங்குங்கள். ஒரு நீளப் பலகையில் அவற்றை வளைவுக் கிளிப் போட்டு வரிசையாக இறுக்குங்கள். முன் சில்லைக் கழற்றி, போர்க்கின் காலை அந்த ஹப்பில் வைத்துப் பூட்டிவிட்டால் சைக்கிள் தன்பாட்டில் நேராக நிற்கும். வான் எவ்வளவு குலுங்கினாலும் சாயாது. முன் ஹப்பின் அகலம் 100 மில்லிமீட்டர், அநேகமான சைக்கிள்களுக்குப் பொருந்தும். டிஸ்க் பிறேக்கும் தடித்த அச்சும் உள்ள புதுச் சைக்கிளுக்கு மட்டும் இந்தப் பலகை பொருந்தாது. அவற்றைச் சாய்த்துத்தான் வைக்கவேண்டும். தச்சு வேலை தெரிந்த ஒருவர் ஒரு பின்னேரத்தில் செய்துவிடுவார். ஒரு முறை செய்தால் வருசக் கணக்கில் பாவிக்கலாம்.

வான் பிடிப்பவர்கள் செய்கிற ஒரு காரியத்தை நான் ஒத்துக்கொள்வதில்லை: இரவில் புறப்படுவது. பகல் வெயிலும் வாகன நெரிசலும் இல்லையென்று காரணம் சொல்வார்கள். ஏ9 வீதியில் இரவு மாடு படுத்திருக்கும். ரோட்டுச் சூட்டுக்காக நடு வீதியிலேயே படுக்கும், கறுப்பு மாடு என்றால் கிட்டப் போகும்வரை தெரியாது. பின்னால் நாலு சைக்கிள் இருக்க, சாரதி சடாரென்று பிறேக் போட்டால் அவை எங்கே வந்து இடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விடிய நாலரைக்குப் புறப்பட்டு, முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தித் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சானும் வாங்கிக்கொண்டு போனால் மத்தியானத்துக்குள் கொழும்பு. கிளிநொச்சியிலிருந்து 330 கி.மீ. அளவுதான்.

திருகோணமலைப் போட்டிக்குச் சாதாரண பஸ்ஸில் கீழ்ப்பெட்டி கிடையாது. வவுனியாவிலிருந்து ஹொறவப்பொத்தானை வழியாகப் போகிற பஸ்ஸில் பின் சீற்றில் சைக்கிளை நிறுத்தினால் வழியில் ஏறுகிற சனத்துக்கு இடைஞ்சல், உங்களுக்கும் சங்கடம். இங்கேதான் பட்டா கைகொடுக்கும். மரக்கறியும் கோழித்தீனும் ஏற்றுகிற அந்தச் சின்ன லொறியின் தட்டில் ஒரு மெத்தையை விரித்தால் ஐந்தாறு சைக்கிளைப் படுக்க வைக்கலாம். ஒருவர் சாரதியோடு முன்னுக்கு இருக்க, மற்றவர்கள் பஸ்ஸில் வரலாம். வாடகை வானைவிடக் குறைவு. படங்கு போட்டு மூடவேண்டும், மழைக்கு மட்டுமல்ல, தூசிக்கும். கியர்ச் சங்கிலியில் எண்ணெய் பூசிய அன்றே செம்மண் தூசி படிந்தால் அது அரத்தூள்தான்.

காரின் பின்னால் தொங்கவிடுகிற தாங்கி வைத்திருப்பவர்கள் இரண்டு சைக்கிள் வரைக்கும் தாராளமாகக் கொண்டுபோகலாம். பின் சில்லு புகைக்குழாய்க்கு நேரே வராமல் பார்த்துக்கொண்டால் சரி. மணிக் கணக்கில் சூட்டுப் புகை அடித்தால் ரயர் பழுதாகும்.

மரக்கறி லொறியில் முதல் நாளே அனுப்பிவிடலாம் என்ற யோசனை சிலரிடம் உண்டு. தெரிந்த சாரதியென்றால் சரி. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுபோகிற லொறி மட்டும் வேண்டாம். ஐஸ் உருகி ஓடுகிற உப்புத் தண்ணீர் ஒரு இரவு சங்கிலியிலும் பெயரிங்கிலும் ஊறினால் போட்டிக்கு முன்பே சைக்கிள் கறள் கட்டத் தொடங்கும். மணத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

உழக்கியே போனால் என்ன என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வவுனியாவிலிருந்து திருகோணமலை ஒரு நாளில் உழக்கக்கூடிய தூரம்தான். போட்டி இல்லாத ஒரு நாளில் போய் வாருங்கள், நல்ல பயணம். போட்டி வாரத்தில் வேண்டாம். கால் ஆறவேண்டிய நேரத்தில் கிட்டத்தட்ட 100 கி.மீ. வெயிலில் உழக்குவதும், ஹொறவப்பொத்தானைப் பக்கம் பின்னேரமானால் யானை வரும் என்ற யோசனையோடு உழக்குவதும் ஒரு ஆயத்தமாகாது.

கொண்டுபோகாமலே விடுவது

இந்தத் தெரிவை ஏனோ ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. போட்டி நடக்கிற ஊரில் ஒரு மச்சானோ, கூடப் படித்த பெடியனோ, சைக்கிள் குழுவில் பழகிய ஒருவரோ இருந்தால், இரவல் கேட்டுப் பாருங்கள். முதல்முறை ஸ்பிரிண்ட் போட்டிக்குப் போகிறவருக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். 20 கி.மீ. என்பது முக்கால் மணி, கூடிப்போனால் ஒரு மணி. அந்த நேரத்துக்கு உடம்பு கொஞ்சம் மாறின சைக்கிளைத் தாங்கும். தோளில் ஒரு பையோடு சாதாரண சீற்றில் ஏறிப் போய் வரலாம், சைக்கிள் கவலையே இல்லை.

ஆனால் வெறும் கையோடு போகக்கூடாது. உங்கள் பெடலையும் சைக்கிள் சப்பாத்தையும் கொண்டுபோங்கள். மற்றவரின் பெடலில் உங்கள் சப்பாத்து பூட்டாமல் போகலாம். ஏலுமென்றால் உங்கள் சீற்றையும் கழற்றிக்கொண்டு போங்கள். உடம்புக்குப் பழகின சீற் ஒரு பெரிய விசயம். தலைக்கவசம் எப்போதும் உங்களுடையது. ஊரில் உங்கள் சைக்கிளில் மூன்று அளவு எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: பெடல் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேற்பக்கம் வரை, சீற் நுனியிலிருந்து ஹாண்டில் வரை, ஹாண்டில் சீற்றைவிட எவ்வளவு பதிவு என்பது. தையல் கடை அளவு நாடா போதும். முதல் அளவு கட்டாயம் பொருந்தவேண்டும். மற்ற இரண்டும் கிட்டத்தட்ட வந்தால் சமாளிக்கலாம். உங்களைவிட அரை அடி உயரமானவரின் சைக்கிள் என்றால் நன்றி சொல்லிவிட்டு வேறு வழி பாருங்கள்.

இரவல் கொடுத்தவருக்குச் சைக்கிளைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, ரியூப் ஒட்டுப்பட்டிருந்தால் புது ரியூப் வாங்கிப் போட்டுக் கொடுக்கவேண்டும். அடுத்த வருசமும் கேட்கவேண்டி வரும்தானே.

90 கி.மீ. போட்டிக்கு இரவல் சரிவராது. இரண்டாவது மணித்தியாலத்தில் முழங்காலும் முதுகும் சொல்லிவிடும், அதற்குப் பிறகு 21 கி.மீ. ஓடவும் வேண்டும்.

ஆக, தனியாகக் கொழும்புக்குப் போகிற கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆளுக்கு, அலுமினிய அல்லது இரும்புப் பிறேம் என்றால் நான் சொல்வது ரயில். பகலில் போய்ச் சேரலாம், இரவு நித்திரை கெடாது, சைக்கிளை அப்படியே கொடுத்து அப்படியே வாங்கலாம். முல்லைத்தீவுக்காரருக்கு ஊரில் புறப்படுகிற பஸ். இரண்டு பேர் என்றால் இன்னும் இரண்டு பேரைத் தேடுவதுதான் முதல் வேலை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காலையில் ஏ9 வீதியில் உழக்குகிற ஆக்களைக் கேட்டால் யாராவது அந்தப் போட்டிக்குப் பதிந்திருப்பார்கள். திருகோணமலை என்றால் எத்தனை பேர் என்றாலும் பட்டா. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற சொகுசு பஸ் என் பட்டியலில் கடைசி, வேறு வழி இல்லாத நேரத்துக்கு. சீற் சொகுசுதான், அது எனக்கு, சைக்கிளுக்கு அல்ல.

திரும்பி வருவதைப் போகமுதலே ஒழுங்கு செய்யுங்கள். போட்டி முடிந்து நீங்கள் முடிவுக் கோட்டைத் தாண்டினாலும், கடைசி ஆள் சைக்கிளை முடித்து வரும்வரைக்கும் தாங்கியிலிருந்து சைக்கிளை எடுக்க விடமாட்டார்கள். நீண்ட போட்டியென்றால் அது மத்தியானம் தாண்டிவிடும். அதனால் ஞாயிறு பின்னேர ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஓடுப்பட்டுத் திரிவதைவிட, இரவு பஸ் அல்லது திங்கள் காலை ரயில் என்று வைத்துக்கொள்வது புத்தி. நல்லூர்த் திருவிழா, தைப்பொங்கல், பாடசாலை விடுமுறை நாட்களில் வடக்கே வருகிற பஸ்களில் ஆளுக்கே இடம் இருக்காது. அந்த நேரத்துப் போட்டியென்றால் போகிற டிக்கெட்டோடு வருகிற டிக்கெட்டையும் எடுத்துவிடவேண்டும்.

வருகிற பஸ்ஸில் கீழ்ப்பெட்டியின் கணக்கு தலைகீழாகும். வெள்ளவத்தையில் ஏறும்போது இடம் இருக்கும். ஆனால் யாழ்ப்பாணச் சாமான்கள் முன்னுக்கும், நடுவில் இறங்குகிற உங்கள் சைக்கிள் அடியிலும் போய்விட்டால், விடிய மூன்று மணிக்குக் கிளிநொச்சியில் நின்று எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுவார்கள். அவசரத்தில் சைக்கிள் இழுபடும். பெட்டியின் இரண்டு பக்கமும் மார்க்கர் பேனையால் இறங்குகிற ஊரைப் பெரிதாக எழுதி, கடைசியாக ஏற்றச் சொல்லி அங்கேயே நின்று பாருங்கள். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவுக்குப் போகவேண்டியவர் அந்த நேரத்தில் பெட்டியோடு சந்தியில் நின்று விடியும்வரை காத்திருக்கவேண்டும். மோட்டார் சைக்கிளில் யாரும் வந்து ஏற்றமுடியாது. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வைத்திருக்கிற சித்தப்பா யாராவது இருந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வருகிற வழிக்கும் ஊருக்கு நேரே போகிற பஸ்ஸையே பிடியுங்கள்.